ஜன்னலுக்கு எட்டாத பள்ளிக்கூடம்

“சேர்ந்தா இந்த ஸ்கூல்லதான் சேருவேன். இல்லேன்னா எனக்குப் படிப்பே வேண்டாம்!”

சமையலறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கு அந்தப் பக்கம் தெரிந்த மஞ்சள் கட்டடத்தைப் பார்த்து உருகினாள் மகள். ஒன்பதாம் வகுப்புக்குப் போகிற பெண் ஒரு பள்ளிக்கூடத்தை அப்படிப் பார்த்து அந்த அடுக்குமாடியில் யாரும் கண்டதில்லை.

மூன்றாம் மாடிக்கு அவர்கள் குடிவந்து நாலு நாள்தான் ஆகிறது. பெட்டிகளைக்கூட முழுசாகப் பிரிக்கவில்லை. அதற்குள் எந்தப் பள்ளி என்கிற பஞ்சாயத்து லிஃப்ட் வரை கேட்டது. எதிர்வீட்டுக் கதவு அந்த வாரம் முழுக்க அரை அடி திறந்தே கிடந்தது. காற்றுக்காகவாம்.

பாத்திரப் பெட்டியில் கைவிட்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். “ஏன், அந்த இன்னொரு ஸ்கூலுக்கு என்னடி குறைச்சல்?”

“ஐயோ, அதுவா? பஸ்ல முக்கால் மணி நேரம் போகணும். வாத்தியாருங்க எல்லாம் ரொம்ப ஸ்ட்ரிக்டாம். லைப்ரரி வேற இம்மாம் பெருசாம், யாரும்மா படிக்கிறது?”

அம்மாவின் ஒரு புருவம் மட்டும் மேலே போயிற்று. மகள் எதை வேண்டாம் என்கிறாளோ அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடலாம் என்பது அவளுடைய பதினாலு வருட அனுபவம்.

அதே பதினாலு வருடமாக மகளும் அம்மாவைப் படித்துக்கொண்டிருந்தாள் என்பதுதான் விஷயமே.

பழைய ஊரில் அவள் வகுப்பில் கொட்டாவி விட்டால்கூடச் சாயங்காலம் வீட்டில் விசாரணை நடக்கும். இங்கேயோ சமையலறையில் நின்றால் எதிர்ப் பள்ளியின் வாசல், மைதானம், தண்ணீர்க் குழாய் வரை பளிச்சென்று தெரிகிறது. அம்மாவோ ஊர் மாறுவதற்காக இருந்த வேலையையும் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். பொழுது போக வேறென்ன வழி? எப்படியாவது அந்தத் தூரத்துப் பள்ளியில் இடம் பிடித்துவிட்டால், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரமாவது அம்மா கண்ணில் படாமல் மூச்சு விடலாம்.

இந்த ரகசியம் அப்பாவுக்கு மட்டும் தெரியும். லிஃப்டில் வைத்து அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

“அப்பா, நீங்க மட்டும் வாயைத் திறக்கக் கூடாது.”

“எனக்கு வாய் இருக்குன்னு உங்க ரெண்டு பேருக்கும் எப்போ தெரிஞ்சுது, வக்கீலம்மா?”

வியாழக்கிழமை மூன்று பேருமாகத் தூரத்துப் பள்ளியைப் பார்க்கப் போனார்கள். மகள் முகத்தை ஒரு முழத்துக்குத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னால் நடந்தாள். உள்ளுக்குள் ஒவ்வொரு வராந்தாவையும் எண்ணி எண்ணிப் பூரித்தாள்.

அம்மாவுக்கு எதைப் பார்த்தாலும் சோதித்தாக வேண்டும். ஆளில்லாத ஒரு வகுப்பறைக்குள் நுழைந்தவள், பலகையடியில் கிடந்த சாக்பீஸை எடுத்தாள், இரண்டாக ஒடித்தாள், கிறீச்சென்ற சத்தமில்லாமல் நீளமாக ஒரு கோடு போட்டுப் பார்த்தாள். “போர்டு நல்லாயிருக்கு” என்றாள்.

“அப்பா, யாராவது பார்க்கப் போறாங்க. கூட்டிட்டு வாங்க” என்று பல்லைக் கடித்தாள் மகள்.

பிறகு தலைமையாசிரியர் அறை. “நீங்க ரெண்டு பேரும் இங்கேயே இருங்க” என்று சொல்லிவிட்டு, அம்மா ஃபைலை அணைத்துக்கொண்டு தனியாக உள்ளே போனாள். பத்து நிமிடம் ஆயிற்று. இருபது, முப்பது. நாற்பதும் தாண்டியது.

“ஒரு அட்மிஷனுக்கு இவ்ளோ நேரமாப்பா?”

“உங்கம்மா உள்ள போயாச்சு. இனி யாரு யாரை இன்டர்வியூ பண்றாங்கன்னு அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும்.”

வராந்தா அதிரச் சிரித்தாள் மகள். பாவம் அந்தத் தலைமையாசிரியர் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

கதவு திறந்தது. அம்மாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். “இங்கதான். முடிவாயிடுச்சு. நீ அழுதாலும் சரி, புரண்டாலும் சரி.”

மகள் அழுதாள். இரண்டு சொட்டு ஒழுங்காக வந்தது. மூன்றாவதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டதால், கைக்குட்டையால் முகத்தை மூடித் தோளைக் குலுக்கவேண்டியதாயிற்று. அப்பா மட்டும் கூரையில் மின்விசிறிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை, பள்ளிப் பேருந்துக்காக மகள் வாசலில் நின்றாள். அம்மாவும் தோள்பையோடு கூடவே இறங்கி வந்திருந்தாள். எதிர்வீட்டுக்காரர் அதே குப்பைப் பையை இரண்டாம் முறையாகக் கீழே கொண்டுவந்தார்.

“இந்த வாசல் வரைக்கும்தாம்மா. டாட்டா கீட்டா காட்டாதே. மானம் போயிடும்.”

“சேச்சே, காட்டவே மாட்டேன்.”

பேருந்து வந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் துள்ளி ஏறினாள் மகள். ஜன்னலோர இருக்கையைப் பிடித்து, காலை நீட்டி, கண்ணை மூடி, பதினாலு வருடத்துக்கும் சேர்த்து ஒரு பெருமூச்சு விட்டாள்.

பக்கத்து இருக்கை அமுங்கியது. மகள் கண்ணைத் திறந்தாள்.

“அம்மா! என்னம்மா இது, இறங்கு! ஸ்கூல் பஸ்ல பேரன்ட்ஸ் எல்லாம் ஏறக் கூடாது!”

“டீச்சர் ஏறலாம். தள்ளி உக்காரு, எனக்கு முதல் பீரியடே உன் கிளாஸ்தான்.”