பூசணிக்காய்க்குப் பிறந்த நிலா

கணினியில் பூமியின் எடையைக் கொடுக்கும்போது ஒரு சைபரைத் தட்டாமல் விட்டது தணிகைவேல்தான். அப்படியும் திரையில் வழக்கமான நிலா அழகாகப் பிறந்தது. டாக்டர் பட்டத்துக்குப் பிறகும் மூன்று வருடமாகக் பூமியோடு இன்னொரு கோளைக் கணினியில் மோதவிட்டு, நிலா பிறந்த விதத்தை ஆராய்ந்தே பிழைத்தவருக்குச் சந்தேகம் வந்தது. வேண்டுமென்றே பூமியைப் பூசணிக்காய் எடைக்குக் குறைத்தார். அதே நிலா!

“நாளைக்கு என் கட்டுரை அச்சுக்குப் போகுது. நெஜமாவே மோதவிட்டுப் பாத்தியா?” என்று ஆய்வகக் கணினியைக் கேட்டார்.

“அருமையான கேள்வி சார்!”

“ஐஸ் வைக்காதே. மோதவிட்டியா, இல்லியா?”

“இல்ல சார். போன வருஷம் நிலா பொறக்கலேன்னு மேஜையில கவுந்து அழுதீங்களே, அதுலேருந்து எதையும் மோதவிடறதில்ல. நிலாவ மட்டும் வரைஞ்சு குடுத்துடறேன்.”