பண்பாட்டு வகுப்பு

“என்னாங்க, உங்க பண்பாட்டு வகுப்ப இன்னிக்கு ஒரு நாளாச்சும் மூட்டை கட்டி வைங்க! பொண்ணு வீட்லேர்ந்து விசாரிக்க ஆளு வர நேரம்!” சமையலறையிலிருந்து கத்தினாள் நீலாவதி.

வெங்கடரமணன் கேட்டால்தானே! செஞ்சிக் கோட்டை பார்க்க வருகிறவர்களுக்கு மாடி ரூமை வாடகைக்கு விடுகிறார். கூடவே இந்தியப் பண்பாடு பற்றிய பிரசங்கம் இலவசம். இப்போது மாட்டியிருப்பவர் மார்ட்டின் என்கிற வெள்ளைக்காரர்.

“செருப்ப வாசல்லயே விட்ரணும். சாப்பாடு வலது கையில. கெளம்பறப்ப ‘போறேன்’னு சொல்லக்கூடாது, ‘போயிட்டு வரேன்’னு சொல்லணும்” என்று அரைகுறை இங்கிலீஷில் விளக்கினார். மார்ட்டின் பவ்யமாகத் தலையாட்டினார்.

நீலாவதிக்கோ வாசல்மேலேயே கண். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் விக்ரமன் வந்த சம்பந்தத்தையெல்லாம் தட்டிக்கழித்தவன். போன வாரம்தான் போனில் வாயைத் திறந்தான்.

“எனக்கு ஒரு பொண்ணப் புடிச்சிருக்குதும்மா. அவங்க வீட்லேர்ந்து வர்ற ஞாயித்துக்கிழமை வந்து விசாரிப்பாங்க. யாருன்னு இப்ப சொல்லமாட்டேன். சொன்னா நீ நடிக்க ஆரம்பிச்சுடுவ!”

இதுவும் கைநழுவிப் போனால் பிள்ளை கல்யாணமே பண்ணிக்கொள்ள மாட்டான் என்று அவளுக்குப் பயம்.

காலையில் ஒருவர் வந்து, “சொந்த வீடுங்களா?” என்றதும் உட்காரவைத்துக் கேசரியும் காப்பியும் கொடுத்தாள். வழித்துச் சாப்பிட்ட பிறகுதான் இன்வெர்ட்டர் விற்க வந்ததாகச் சொன்னார், பாவி மனுஷன்.

இதற்கு நடுவே மார்ட்டினின் நச்சரிப்பு வேறு. “வீட்டில் யாருக்குக் கோபம் அதிகம்?” என்று கேட்க, வெங்கடரமணன் அதையும் மொழிபெயர்த்தார்.

“இன்னாத்துக்கு இவருக்கு இதெல்லாம்?”

“கல்ச்சர் தெரிஞ்சிக்கிறாரு, சொல்லேன்!”

“உங்களுக்குத்தான் கோவம்! உப்பு கம்மின்னா ஊரையே கூட்டுவீங்க. அப்பறம் நீங்களே பாத்திரமும் தேய்ப்பீங்க. போய்ச் சொல்லுங்க!”

மார்ட்டின் விழுந்து விழுந்து சிரித்தார்.

சாயங்காலம் வரை யாரும் வரவில்லை. “வெளியிலயே விசாரிச்சிட்டு, வேணாம்னு போய்ட்டாங்க போல” என்று நீலாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது பெட்டியோடு இறங்கி வந்த மார்ட்டின் கைகூப்பி, இங்கிலீஷில் ஏதோ சொன்னார். வெங்கடரமணன் சட்டென்று அவர் பெட்டியை வாங்கிக் கீழே வைத்தார்.

“இன்னா சொல்றாரு? சொல்லுங்களேன்!”

“நம்ம ஊர்ல பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாடி சொல்லாம கொள்ளாம வந்து விசாரிக்கிறதுதான் வழக்கமாமே, அதான் வந்தேங்கிறாரு... நம்ம விக்ரமனுக்கு அவர் பொண்ணக் குடுக்க முழு சம்மதமாம்!”