ஆறாவது படி

"உங்க குடும்பம் இன்னைக்கு எந்த நிலைமையில இருக்குன்னு நினைக்கிறீங்களோ, அந்தப் படியில போய் நில்லுங்க. கீழ்ப்படி ஏழை, மேல்படி பணக்காரங்க," என்றார் பொருளாதாரப் பேராசிரியை.

நூலக வாசலில் பத்துப் படிகள். முதலாண்டும் மூன்றாம் ஆண்டும் சேர்ந்த வகுப்பு அது. எல்லோரும் அடித்துப் பிடித்து ஐந்திலும் ஆறிலும் ஏறிக்கொண்டார்கள்.

"தள்ளி நில்லுடா. நடுத்தர வர்க்கத்துல நிக்கக்கூட இடம் இல்ல," என்றான் முதலாளி. அப்பா லாரி கம்பெனி வைத்திருந்ததால் வந்த பட்டப்பெயர்.

"நீயெல்லாம் பத்தாவது படிடா," என்றான் பக்கத்தில் நின்ற மைனர்.

"லாரி எல்லாம் லோன்ல ஓடுதுடா. அதை விடு, பரீட்சை முடிஞ்சதும் அப்பாவை வந்து பாரு. ஆபீஸ்ல ஒரு சீட் காலியா இருக்கு. நம்ம மாதிரி வீட்டுப் பசங்களைத்தான் சேர்ப்பார்."

மைனர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். அந்த சீட்டுக்காகத்தான் இத்தனை நாளும் முதலாளிக்கு நிழலாகத் திரிகிறான்.

முதல் படியில் ஒரே ஒருவன் நின்றிருந்தான். கல்லூரிக்குப் புதிதாக வந்த முதலாண்டுப் பையன்.

"நீ ஏன்ப்பா அங்க?"

"அப்பா மார்க்கெட்ல மூட்டை தூக்குறார் மேடம். அம்மா ரெண்டு வீட்டுல பாத்திரம் தேய்க்கிறாங்க. எங்களுக்கு ஒரே ரூம். குளிக்கிற இடத்துக்குக் கதவு கிடையாது, நகைக்கடை பேனரைக் கட்டித் தொங்கவிட்டிருக்கோம்."

மேலே கிசுகிசுவென்று சிரிப்பு. முதலாளி மைனரின் விலாவில் இடித்தான். "ஏதாவது எடுத்து விடுடா."

மைனர் கீழே பார்க்காமலே சொன்னான்.

"கொடுத்து வச்சவன். தினமும் நகைக்கடையில குளியல்."

படிகள் அதிரச் சிரித்தார்கள். கீழே நின்றவனும் சேர்ந்து சிரித்தான். மைனருக்குத்தான் காது மடல் எரிந்தது.

"போதும்," என்று அதட்டினார் பேராசிரியை. "பத்து வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க? இப்ப அந்தப் படிக்குப் போங்க."

கூட்டம் மேலே பாய்ந்தது. முதலாளி உச்சிக்கே போய்விட்டான். மைனருக்கு மட்டும் கால் எழவில்லை.

புதுப்பையன் ஒவ்வொரு படியாக ஏறி, ஆறாவதில் அவனருகே வந்து நின்றான். மைனர் கொஞ்சம் விலகிக்கொண்டான்.

"இதோட நிறுத்திட்டியேப்பா?"

"இதுவே எங்களுக்குப் பெரிய ஏத்தம் மேடம். மூச்சு வாங்குது."

இந்த முறை பேராசிரியையும் சிரித்துவிட்டார். "தனியாவா ஏறப்போற? கைகொடுக்கக் கூடப்பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?"

மைனர் தரையைப் பார்த்தான்.

"இல்ல மேடம். வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை."

காலையில் அந்த ஒற்றை அறையிலிருந்து சேர்ந்து கிளம்பும்போது மைனர் கெஞ்சிக் கேட்டுக்கொண்டபடியே, அவன் தம்பி அந்த ஒரு பொய்யை மட்டும் தடுமாறாமல் சொல்லிவிட்டான்.