ஓபரா பார்க்கத் தொடங்கியவர்

பிரிக்ஃபீல்ட்ஸில் வீடியோ கடை வைத்திருந்த கௌஸிடம், மேடையில் பாடியே நடிக்கும் ஓபரா கேட்டு வந்த ஒரே ஆள் ஓய்வுபெற்ற அதிகாரி சண்முகரத்தினம்தான்.

“இப்பத்தான் பார்க்க ஆரம்பிக்கிறேன், தம்பி. லண்டன்ல எடுத்தது,” என்று டேப்பின் பெயரை எழுதிக் கொடுத்தார். கௌஸ் வரவழைத்தார்.

அதன் பிறகு வாராவாரம் அதே டேப்தான்.

“வேற நல்லது வந்திருக்கு லா, அங்கிள்.”

“இது போதும்.”

மூன்றாம் மாதம் டேப் ஒரே இடத்தில் தேய்ந்து கோடு விழுந்தது. கௌஸ் போட்டுப் பார்த்தார். அந்த இடத்தில் கதாநாயகிகூட இல்லை. மெழுகுவர்த்தி ஏந்திய பெண்கள் கூட்டமாகப் பாடினார்கள். ஓரத்தில் ஒரு தமிழ்ப் பெண் மட்டும் கேமராவை நேராகப் பார்த்தாள். சண்முகரத்தினத்தின் அதே நெற்றி, அதே மூக்கு.

அடுத்த சனிக்கிழமை கௌஸுக்கு ஒரே உற்சாகம்.

“உங்க மகதானே அங்கிள்? சொல்லவே இல்லையே! லீவுக்கு வந்தா கடைக்குக் கூட்டிட்டு வாங்க.”

பெரியவர் டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“டாக்டருக்குப் படிக்க அனுப்பினேன். பாட்டுக்குப் போயிட்டா. ஆறு வருஷமா அவ கடிதம் ஒண்ணைக்கூட நான் பிரிக்கல. போன வருஷம் அவ கார் மோதி இறந்துட்டதா தந்தி வந்துச்சு. அப்புறம்தான் எல்லாத்தையும் பிரிச்சேன்.”

“அங்கிள்...”

“கடைசிக் கடிதத்துல இந்த டேப் பேரை எழுதியிருந்தா. ‘அப்பா, இடது ஓரத்துல நிக்கிறேன். பன்னிரண்டு செகண்டுதான். ஒரே ஒரு தடவை பாருங்க’ன்னு.”