காம்பவுண்டு தாண்டிய கஷாயம்

அபி தன் கண்ணால் பார்த்துவிட்டாள்.

மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனவள். கீழே கொல்லையில் மாமனார் சொரிமுத்து, கையில் கஷாயத் தம்ளர். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். மேலே பார்க்கவில்லை. காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தம்ளரைத் தூக்கிப் பிடித்தார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் வெறும் தம்ளர் திரும்பி வந்தது.

சொரிமுத்து துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். குடித்தவர் மாதிரி.

அபிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பத்து நாளாக அவருக்கு இருமல். அவள் புருசன் இசக்கிமணி பட்டாளத்தில். தினமும் போனில் ஒரே கேள்வி, "அப்பாவுக்கு நின்னுட்டா?" அவளும் ஐந்து மணிக்கு எழுந்து சுக்கும் மிளகும் தட்டி, துளசி, கற்பூரவல்லி, வேலியோரத்து ஆடாதொடை இலை போட்டு, ரெண்டு தம்ளர் தண்ணீரை ஒரு தம்ளராகச் சுண்டவைத்துக் கொடுக்கிறாள். மேற்கொண்டு ஒரு சொட்டு இருக்காது.

குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்தாயிற்று. வருசா வருசம் சொரிமுத்துவும் பக்கத்து வீட்டு மசூதும் மேலகரத்திலிருந்து ஒரே ஸ்கூட்டரில் போய் மெயின் அருவியில் நின்றாக வேண்டும். இந்த வருசம் அபி சட்டம் போட்டுவிட்டாள். இருமல் நின்றால்தான் அருவி. ஞாயிற்றுக்கிழமை வரை கெடு.

மருந்து வேண்டாம், அருவி மட்டும் வேண்டுமாக்கும். கீழே இறங்கி வந்தாள்.

"மாமா, குடிச்சாச்சா?"

"குடிச்சாச்சு."

"கசந்துச்சா?"

"கஷாயம் கசக்காம பாயசமாவா இருக்கும்? போம்மா, போய் வேலையப் பாரு."

சொல்லி முடிப்பதற்குள் இருமல். திரும்பி நின்று இருமினார்.

"குடிச்ச ஆளுக்கு இப்படியா இருக்கும்?"

"நாளைக்கு நின்னுரும்."

"அஞ்சு நாளா நாளைக்குன்னுதான் சொல்லுதீங்க."

சொரிமுத்து பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

அபி செருப்பை மாட்டினாள். வாங்கிக் குடிக்கிற ஆளையே கேட்டுவிடுவது என்று பக்கத்து வீட்டுக்கு நடந்தாள்.

மசூது அடுப்படியில் தோசையைக் கருக்கிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரி ஹைருன் பீவி, மகள் பிரசவத்துக்கு துபாய் போய் ரெண்டு மாசம் ஆகிறது.

"வாம்மா அபி. இத எப்படித் திருப்பணும்னு காட்டிட்டு அப்புறம் பேசு."

அவள் திருப்பிப் போட்டாள். இருந்த கோபத்தில் சுத்தமாக விழுந்தது.

"மசூது மாமா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு. அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிருதேன். ஒன் புண்ணியத்துல என் இருமல் முக்காவாசி போச்சு."

"ஒங்களுக்கு இருமலா?"

"போன வாரம் பூரா. யார்ட்ட சொல்ல? துபாய்க்குத் தெரிஞ்சா அவ பிள்ளத்தாச்சியப் பாதியில விட்டுட்டு ஏரோப்ளேன் ஏறிருவா. போன் வந்தாலே எடுக்க மாட்டேன். ஒங்க மாமனாருக்கு மட்டும் நான் இருமுறது சுவர் வழியாக் கேட்டுட்டு."

"அதுக்கு?"

"கோவிச்சுக்காதம்மா, ஒனக்கு இன்னும் அளவு பிடிபடல. தினம் ஒரு தம்ளர் மிச்சம் விழுதாமே. 'என் பங்க நான் குடிச்சாச்சு வே, இதக் கீழ கொட்டுனா அந்தப் பிள்ள வருத்தப்படும், நீரு குடிச்சுத் தொலையும்'னு என் தலையில கட்டுதான்."

அபி தோசைக் கரண்டியை அவர் கையில் கொடுத்தாள்.

"எனக்குன்னு காச்சுனதுன்னு நீட்டியிருந்தா தொட்டிருக்க மாட்டேன், பாத்துக்க. அடுத்த வீட்டுப் பிள்ளைய வேலை வாங்குற பழக்கம் நமக்குக் கிடையாது. மிச்சம்னான், குடிச்சேன். இன்னும் ரெண்டு நாள் குடிச்சா பூராவும் போயிரும்." தோசையைத் தட்டில் எடுத்துக்கொண்டார். "ஒண்ணுதான் விளங்கல. மிச்சத்தக் குடிச்ச எனக்கு மருந்து கேக்குது. மொதப் பங்க குடிச்சவனுக்குக் கேக்க மாட்டேங்கு. அவன் உடம்பு வாகு அப்படி."

சுவருக்கு அந்தப் பக்கம் சொரிமுத்து இருமினார்.

"என்னமோ கேக்கணும்னியே?"

"ஒண்ணுமில்ல மாமா. அளவுதான் பிடிபட மாட்டேங்கு."

மறுநாள் காலை. அடுப்பு மேடையில் ரெண்டு தம்ளர் கஷாயம், ரெண்டிலும் ஆவி.

"எதுக்கும்மா ரெண்டு?" என்றார் சொரிமுத்து.

"மொதல்ல இதக் குடிங்க. என் கண்ணு முன்னால."

தப்பிக்க வழியில்லை. மடக்கென்று குடித்தார். முகம் அஷ்டகோணலானது.

"த்தூ. பாவம் மசூது," என்றார், வாய் தவறி.

அபி இன்னொரு தம்ளரை அவர் கையில் வைத்தாள்.

"இதுதான் மிச்சம் மாமா. ஆறுறதுக்குள்ள கொண்டு போங்க."