பச்சை விளக்கு

குண்டு வைக்கிற கிறுக்கன் எவனும் அடுக்ககத்துக்குள் நுழையக்கூடாதென்று, மனத்தைப் படிக்கும் கதவை வாங்கி மாட்டியவரே செயலாளர் சடகோபன்தான். இன்று அது அவரையே உள்ளே விடவில்லை. "கடுங்கோபம்! பழிவாங்கும் வெறி!" என்று சிவப்பு விளக்கோடு அலறியது.

"என் பார்க்கிங்ல எதிர்வீட்டுக்காரன் காரை விட்டா கோபம் வராதா?" என்று கதவை உதைத்தார். அது இன்னும் சத்தமாக அலறியது.

மூன்றாம் மாடி சுகந்தன் கனத்த பையோடு சிரித்தபடி வந்தான். உடனே பச்சை விளக்கு, கதவு திறந்தது. எவ்வளவு தெளிந்த மனசு! சடகோபனுக்குப் பொறாமையாக இருந்தது.

சற்று நேரத்தில் பையில்லாமல் திரும்பி வந்த சுகந்தன், வாட்சைப் பார்த்துக்கொண்டே அன்பாகச் சொன்னான்:

"எனக்கு யார் மேலயும் கோபமே கிடையாது, அங்கிள். நீங்க மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் வெளியவே இருங்க."