நத்தை ஓடிய ஆறு நிமிஷம்

“கையும் பிரஷுமாப் பிடிச்சேன்!” என்றார் மேனேஜர்.

ஆபீஸைப் பெருக்கும் அக்கா தலைகுனிந்து நின்றார். கையில் பெயின்ட் பிரஷ். எதிரே, மூடி கழற்றிய கம்ப்யூட்டர்.

“உன்னை யாரு இதைத் திறக்கச் சொன்னது? நாளையிலேருந்து வேலைக்கு வராதே.”

அது கட்டட வரைபடம் போடுகிறவரின் கம்ப்யூட்டர். எட்டு வயது. செல்லப்பெயர், நத்தை. அதைத் தூக்கிப்போடும் முன் ஒரு சம்பிரதாயத்துக்காக அன்று பந்தயம் வைத்திருந்தார்கள். நத்தையின் பழைய பிராசஸருக்கும் மேனேஜர் அறையிலிருந்த புது பிராசஸருக்கும் ஒரே வரைபடம். எது முதலில் முடிக்கிறது என்று சர்வீஸ்காரர் கடிகாரம் பார்ப்பார்.

“ஓட்டிப் பாருங்க. இவ எதைக் கெடுத்திருக்கான்னு தெரியட்டும்.”

நத்தைக்கு ஆறு நிமிஷம் ஆனது. புதியதற்கு ஒன்பது.

மேனேஜர் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டார். சர்வீஸ்காரர் புதியதைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார்.

“சார், வாங்கின அன்னிக்கு இருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட எடுக்கலையே! அதோட அலமாரிக்குள்ள வேற பூட்டி வெச்சிருக்கீங்க.”

“தூசி படக்கூடாதுன்னுதான்...”

“காத்தும் படலையே! சூடு ஏறினா பிராசஸர் தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும். அட்டைப்பெட்டியில போட்டிருக்கிற வேகம் அட்டைப்பெட்டிக்குத்தான். நத்தையோட ஃபேனைப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு. யாரோ வாராவாரம் சுத்தம் பண்ணியிருக்காங்க.”

எல்லார் கண்ணும் பிரஷ் மேல் போய் நின்றது.

“போன வருஷம் இந்த சர்வீஸ்காரர் தூசி தட்டினதைப் பார்த்துக் கத்துக்கிட்டேன் சார். ஸ்விட்சை அணைச்சுட்டுத்தான் தொடுவேன்,” என்றார் அக்கா.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். “நாளைக்கு வழக்கம்போல வந்துடுங்கம்மா. ஆனா, இவர் மெஷினுக்கு மட்டும் ஏன்?”

வரைபடக்காரர் நெளிந்தார். “இவங்க பொண்ணோட காலேஜ் விண்ணப்பத்தை ஒருதடவை இதுல போட்டுக் கொடுத்தேன். அதுக்குப் போய் எதுக்கும்மா இவ்வளவு...”

“அதுக்கில்லீங்க. அன்னிக்கு இது ஆமை மாதிரி நகர்ந்துச்சு. முடியிற வரைக்கும் உட்காருங்கன்னு உங்க நாற்காலியைக் கொடுத்துட்டு, நீங்க நின்னீங்க. பதினோரு வருஷத்துல, இந்த ஆபீஸ்ல நான் உட்கார்ந்தது அந்த அரைமணி நேரம்தான்.”